வெயில் விழும் பக்கம்

பிற கோள்களின் நிலத்தைப் படிப்பவன் ஒரு படத்தைக் கையில் எடுத்ததும் முதலில் செய்ய வேண்டியது, அதில் மலை எங்கே, பள்ளம் எங்கே என்று தேடுவதன்று. வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்க்க வேண்டும். அதை அறியுமுன் மேடு என்றும் பள்ளம் என்றும் எதையும் சொல்லக் கூடாது. கல்லூரியில் புவியியல் கற்பித்த காலம் முழுவதும், நான் அச்சிட்டு வைத்திருந்த ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் வெயில் வரும் திசையில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். புள்ளி வைக்காத படத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. இந்த ஒழுங்கை என் துறைத்தலைவர் கேலி செய்வார். "சாரு படத்துக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கிறாருய்யா" என்பார். அந்தக் கேலியை நான் பொருட்படுத்தியதில்லை. நான் பொருட்படுத்தியது வேறொன்று. அதை எப்படித் திருப்பிக் கொடுத்தேன் என்பதைப் பதிவு செய்யவே இதை எழுதுகிறேன்.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் நாங்கள் இருவரும் ஒரே துறையில் பணியாற்றினோம். அவர் எனக்குச் சில ஆண்டுகள் மூத்தவர். பேச்சால் எவரையும் சிரிக்க வைக்கக்கூடியவர். மாணவர்கள் அவர் வகுப்புக்கு ஓடுவார்கள்; என் வகுப்புக்கு நடந்து வருவார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. என் மனம் செவ்வாயில் இருந்தது. விண்கலங்கள் அனுப்பிய படங்களை வெளிநாட்டு நிறுவனங்கள் எல்லோருக்கும் திறந்து வைத்த காலம் அது. அவற்றை இறக்கி, அச்சிட்டு, மேசையில் பரப்பி, நிலத்தின் வரலாற்றை வாசிக்க நானே கற்றுக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் துறையின் கருத்தரங்கில் நான் ஒரு படத்தைக் காட்டினேன். செவ்வாயின் சமவெளி ஒன்றில் பாம்பைப் போல வளைந்து செல்லும் நீண்ட மேட்டுக் கரை. இது கரை அன்று, ஒரு காலத்தில் ஆறு ஓடிய படுகை என்று சொன்னேன். ஆற்றின் அடியில் தங்கிய சரளையும் கூழாங்கல்லும் நீரிலிருந்த உப்பால் இறுகிக் கல்லாகிவிட்டன. நீர் வற்றியபின், இருபுறமும் இருந்த மெல்லிய மண்ணைக் காற்று காலங்காலமாக வாரிக்கொண்டு போயிற்று. இறுகிய படுகை மட்டும் அசையாமல் நின்றது. பள்ளத்தில் ஓடிய ஆறு இவ்வாறு மேடாக மிஞ்சியது. நம் ஊர்ச் சரளை நிலத்தில் கோடை மழைக்குப் பிறகு பார்த்தால், ஒவ்வொரு கல்லும் தன் அடியிலுள்ள மண்ணை மட்டும் காத்துக்கொண்டு விரல் உயரத் தூணின் மேல் நிற்கும். சுற்றியிருந்த மண் கரைந்து போயிருக்கும். அதே செயல்தான், அளவு பெரிது என்றேன்.

துறைத்தலைவர் முன்வரிசையிலிருந்து கை தூக்கினார்.

"சார், ஒரு சந்தேகம். ஆறு பள்ளத்துல ஓடுமா, மேட்டுல ஓடுமா?"

"பள்ளத்தில்தான் ஓடியது. பிறகு..."

"பிறகு மேல ஏறிக்கிருச்சு. அப்ப நம்ம வெள்ளாறு என்னைக்கு ஏறும்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சார். ஆத்தோரமா என் மச்சான் வீடு இருக்கு. சாமானையெல்லாம் மாடிக்கு ஏத்தச் சொல்லணும்."

அறை குலுங்கிற்று. வேதியியல் துறையிலிருந்து தேநீருக்காக வந்து உட்கார்ந்திருந்தவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். நான் விளக்க முயன்றேன். அவர் எழுந்து என் தோளைத் தட்டி, "மேட்டாறு சார், உக்காருங்க. டீ ஆறுது" என்றார்.

அன்றோடு எனக்கு என் பெயர் போயிற்று. மேட்டாறு சார். முதலில் மாணவர் விடுதியில், பிறகு பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில், பிறகு மளிகைக் கடையில். நம் பக்கத்தில் பட்டப்பெயர் வைப்பவருக்கு ஒரு நொடி வேலை; சுமப்பவருக்கு ஆயுள் முழுவதும். எம்.ஏ.யும் ஆய்வுப் பட்டமும் பெற்ற ஒருவன் வீதியில் போகும்போது, நிலத்தை வாசிக்கத் தெரியாதவன் என்று அவன் முதுகின் மேல் எழுதி ஒட்டியது போல அந்தப் பெயர் கூடவே வந்தது.

என் மகளைப் பெண் பார்க்கப் பொன்னமராவதியிலிருந்து வேனில் வந்தார்கள். முகவரி தெரியாமல் ஆட்டோ நிறுத்தத்தில் பேராசிரியர் வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள். "யாரு, மேட்டாறு வாத்தியாரா? அங்கிட்டுத் திரும்புனா பச்சை கேட்டு" என்று வழி சொல்லியிருக்கிறார் ஓட்டுநர். மாப்பிள்ளையின் தந்தை கூடத்தில் உட்கார்ந்து காப்பியை வாங்கிய கையோடு கேட்டார்.

"அது என்னங்க மேட்டாறு? பட்டமா, பரம்பரைப் பேரா?"

என் மனைவி தட்டை நீட்டியபடியே, "அவங்க பூர்வீக ஊருங்க. இப்ப அங்க யாரும் இல்ல. பலகாரம் எடுத்துக்கங்க" என்றாள். என் வீட்டுக் கூடத்தில், என் மகளுக்காக, என் மனைவி சொன்ன பொய்யின் நிழலில் நான் வாய் மூடி உட்கார்ந்திருந்தேன். திருமணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் அந்தக் காப்பி ஆறிய நேரத்தை நான் மறக்கவில்லை. மறக்க விரும்பவுமில்லை.

சில காலத்தில் வெளிநாட்டு ஆய்விதழ்களில் அதே செய்தி வரத் தொடங்கியது. செவ்வாயில் பல இடங்களில் பழைய ஆற்றுப்படுகைகள் மேடுகளாக எஞ்சி நிற்கின்றன என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். நான் அவற்றைப் பிரதியெடுத்துத் துறைத்தலைவரின் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரன் சொல்லிட்டானா? அப்பச் சரிதான் சார்" என்று சொல்லித் தாள்களை இழுப்பறைக்குள் வைத்தார். வேறொரு சொல் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்த அறையில் எழுந்து, நான் சொன்னது சரியென்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நான் அவரை மன்னித்திருப்பேனா என்று என் மனைவி பிற்காலத்தில் கேட்டதுண்டு. மன்னித்திருப்பேன். அவர் சொல்லவில்லை.

சொல்லாததோடு நிற்கவும் இல்லை. இருவரும் ஓய்வு பெற்றோம். நம் நாட்டு விண்கலம் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபின் பள்ளிகளுக்கெல்லாம் செவ்வாய் மேல் ஆசை வந்தது. நகைச்சுவையாகப் பேசத் தெரிந்த புவியியல் பேராசிரியர் மாவட்டத்தில் ஒருவர்தான் இருந்தார். கடலோரக் கோட்டைப்பட்டினம் வரை அவரைக் காரில் அழைத்துப் போனார்கள். ஒருமுறை அவர் பேச்சைக் கேட்கப் போனேன். அவர் காட்டிய முதல் படமே அந்த வளைந்த கரை.

"பாத்தா மேடு மாதிரி இருக்கா? இது ஆறு! நான் இத அந்தக் காலத்துலயே சொன்னேன் பிள்ளைகளா. கூட இருந்தவங்களே சிரிச்சாங்க. இன்னைக்கு உலகமே ஒத்துக்கிருச்சு."

பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். என் வாசிப்பை எடுத்துக்கொண்டது போதாதென்று, நான் பட்ட அவமானத்தையும் தன்னுடையதாக எடுத்துக்கொண்டிருந்தார். பட்டப்பெயரை மட்டும் என்னிடமே விட்டு வைத்திருந்தார்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். இந்த ஊரில், இந்த ஊரார் முன்னிலையில், நிலத்தை வாசிக்கத் தெரிந்தவன் யார், தெரியாதவர் யார் என்பது வெளிப்பட வேண்டும். ஆய்விதழ்கள் என் பக்கம் நின்றன. ஆனால் நம் ஊர் ஆய்விதழ் படிப்பதில்லை.

வாய்ப்பை அவரே அன்று கொண்டுவந்து தந்தார். பேச்சின் முடிவில் ஒரு படத்தைப் போட்டார். செவ்வாயின் வடபாதியில் ஒரு சமவெளி. அதில் வட்ட வட்டமாக நிறைய உருவங்கள்.

"நம்ம குடுமியான்மலை தெரியும்ல? அதே மாதிரி எத்தனை குன்று, பாருங்க! எண்ணி முடியாது. அங்கயும் ஒரு கோயில் கட்டிப்புடலாம்."

நான் வெயிலைத் தேடினேன். படத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். வெளிச்சம் மேலிருந்து விழும் என்றே மனிதக் கண் பழகியிருக்கிறது. படத்தில் வெயில் கீழ்ப்பக்கத்திலிருந்து விழுந்தால் கண் ஏமாந்து போகும். குழி குன்றாகத் தோன்றும், குன்று குழியாகத் தோன்றும். செவ்வாயின் வடபாதியில் வெயில் பெரும்பாலும் தெற்கிலிருந்து சாய்ந்து விழுகிறது. படத்தில் வடக்கை மேலே வைத்தால் தெற்கு கீழே போகும், வெயிலும் கீழிருந்தே வரும். நிலப்படம் படிக்கத் தெரிந்த எவரும் கோள்களின் படத்தை வேண்டிய பக்கம் திருப்பித்தான் பார்ப்பார்கள். ஆனால் எங்கள் துறைத்தலைவர் பழைய புவியியல் ஆசிரியர். வடக்கு மேலே இல்லாத வரைபடத்துக்கு மதிப்பெண்ணே போடமாட்டார்; தாளைக் கிழித்த கதையும் உண்டு. அந்தப் படத்தையும் ஒழுங்காக வடக்கு மேலே இருக்கும்படி வைத்திருந்தார். அந்த ஒழுங்கே அவரைக் கவிழ்த்திருந்தது. அவர் காட்டிய குன்றுகள் அத்தனையும் குழிகள். அடியிலிருந்த வெற்றிடத்துக்குள் மேல்தரை உள்வாங்கி விழுந்த குழிகள்.

நான் எழுந்து சொல்லவில்லை. கட்டியிருந்த கையைப் பிரித்து, மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினேன்.

வீட்டில் மூலப்படத்தைத் தேடி எடுத்து, உயர அளவீடுகளோடு ஒப்பிட்டேன். ஐயமே இல்லை. என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, தனியா சிரிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"ஒன்றுமில்லை."

"நீங்க சிரிச்சா ஒன்னுமில்லாம இருக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்கக்கூடும். சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். "அப்படியா சார், ரொம்ப நன்றி" என்பார். அடுத்த பள்ளியில், "இத எல்லாரும் குன்றுன்னு நெனைப்பாங்க. நான் கண்டுபிடிச்சேன், குழி!" என்பார். ஆற்றுக்கு நடந்தது குழிக்கும் நடக்கும். எனவே அந்தப் பிழை வளர வேண்டும். பல ஊர்களில் சொல்லப்பட வேண்டும். பெரிதாக அச்சாக வேண்டும். யாரும் இழுப்பறைக்குள் வைக்க முடியாத அளவுக்குப் பெரிதாக. அதன்பின் அவர் பேசிய கூட்டங்களுக்கு என்னால் இயன்றவரை போனேன். குன்றுகளின் படம் வரும்போது முதலில் கைதட்டுபவன் நானாக இருந்தேன். இரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின.

பிறகு கல்லூரி முதல்வர் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் இருவரிடமும் படித்த மாணவி அவர். துறைத்தலைவருக்குக் கல்லூரி சார்பில் பாராட்டு விழா, 'செவ்வாய்ச் செம்மல்' என்று பட்டம், நான் வாழ்த்துரை வழங்க வேண்டும் என்றார்.

"நீங்க மாட்டேன்னுருவீங்களோன்னு பயந்துக்கிட்டேதான் சார் போன் போட்டேன்."

"ஏன் மறுக்க வேண்டும்? மகிழ்ச்சியாக வருகிறேன்."

"ரொம்ப சந்தோஷம் சார். மேடைக்குப் பின்னாடி பெரிய பிளக்ஸ் வைக்கிறோம். சாரோட படங்கள்ல எதப் போடலாம்?"

"அந்தக் குன்றுகளின் படம். அதைவிடப் பொருத்தமானது இல்லை. மேடையின் பின்புறம் முழுவதும் வரும்படி அடிக்கச் சொல்லுங்கள்" என்றேன்.

எனக்குப் பட்டப்பெயர் வைத்தவருக்குப் பட்டம். நல்லது. அன்று மாலையே அவரும் அழைத்தார்.

"மேட்டாறு சார்! குன்றுப் படத்த நீங்களே சொன்னீங்களாமே. மனசு நெறஞ்சு போச்சு சார். பழசெல்லாம் மனசுல வச்சுக்கலைல்ல?"

"எதை?" என்று கேட்டேன். அவருக்கு அது விளங்கவில்லை. சிரித்தார்.

நம் ஊரில் பிளக்ஸ் பதாகை என்றால் மனிதத் தலைகள் இல்லாமல் இராது. என் திட்டம் பதாகையைத் தலைகீழாகத் திருப்பச் செய்வது. ஆகவே முன்னேற்பாடாக அச்சுக் கடைக்கு நேரில் போனேன். கடைக்காரர் கணினியில் காட்டினார். செவ்வாய் நிலம் பரந்து கிடக்க, இடது மேல்புறம் துறைத்தலைவர் கைகூப்பி நின்றார். வலது மேல்புறம் சிறப்பு விருந்தினர், ஓய்வுபெற்ற உயர் அதிகாரி, கறுப்புக் கண்ணாடியுடன். கீழே வரிசையாக முட்டை வடிவச் சட்டங்களுக்குள் வாழ்த்துவோர். நடுவில் கோட்டு அணிந்த என் பழைய படம்.

"என் படத்தை எடுத்துவிடுங்கள்."

"என்ன சார் சொல்றீங்க? படம் சின்னதாப் போச்சுன்னு சொல்லி என் கடைக் கண்ணாடிய ஒடைச்சிருக்காங்க சார். நீங்க வேணாங்கிறீங்க?"

"எனக்கு அதில் விருப்பமில்லை."

அவர் என் கண்முன் என்னை அழித்துவிட்டு, "பெரிய மனசு சார் ஒங்களுக்கு" என்றார். அதையும் நான் மறுக்கவில்லை.

விழா நாளன்று காலையில் வேட்டியை நானே தேய்த்தேன். "இன்னைக்கு யாரு தலையில விடியப் போகுது?" என்று கேட்டாள் என் மனைவி. அவளிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அவள் கூட வரவில்லை. முழங்கால் வலி என்றாள்.

கல்லூரியின் திறந்தவெளி அரங்கம் நிறைந்திருந்தது. பழைய மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், கடைவீதிக்காரர்கள். மேடையின் பின்னால் மரச்சட்டத்தில் பதாகை, ஒரு வீட்டுச் சுவர் அளவுக்கு. குன்றுகள் உருண்டு திரண்டு நின்றன. அவற்றின் கீழே நடுவில் நான் இருந்தேன். மற்ற எல்லாரையும்விடப் பெரிதாக.

முதல்வர் ஓடிவந்து வரவேற்றார். "கடைக்காரர் சொன்னாரு சார், நீங்க அடக்கமா ஒங்க படத்த எடுக்கச் சொல்லிட்டீங்கன்னு. நாங்க விட்டுருவமா? பெருசாவே போடச் சொல்லிட்டேன்!"

நன்றி சொல்லிவிட்டு மேடையில் உட்கார்ந்தேன். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை எதுவும் என் காதில் விழவில்லை. பதாகையைத் திருப்பினால் நானும் தலைகீழாகத் தொங்க வேண்டும். அதுவும் கோட்டோடு, இந்த ஊர் முழுவதும் பார்க்க. திருப்பாமல் வாயால் மட்டும் சொன்னால்? ஒருமுறை வாயால் சொல்லிப் பார்த்தவன் நான். அவர் ஒரு வேடிக்கை சொல்வார், கூட்டம் சிரிக்கும், மேட்டாறுக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் சேரும். கண்ணால் காணாமல் இந்த ஊர் நம்பாது. என் பெயரைக் காக்க வந்த இடத்தில் என் தலையைக் கவிழ்க்க வேண்டியிருந்தது. பக்கத்து நாற்காலியில் துறைத்தலைவர் சந்தனப்பொட்டும் புதுச்சட்டையுமாக என் பக்கம் சாய்ந்து, "நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க மேட்டாறு" என்றார். 'சார்' என்பதும் அன்று போயிருந்தது. அத்துடன் என் தயக்கமும் போயிற்று.

என் முறை வந்தது. அவருடைய நினைவாற்றலையும் குரல்வளத்தையும் பாராட்டினேன், இரண்டும் உண்மை. பிறகு பதாகையைக் காட்டிச் சொன்னேன்:

"இந்தப் படத்தை இவர் மாவட்டம் முழுவதும் குன்றுகள் என்று காட்டிவருகிறார். இவை குன்றுகள் அல்ல. குழிகள்."

அவர் சிரித்துக்கொண்டே பக்கத்து ஒலிவாங்கியை எடுத்தார்.

"சாருக்கு அப்ப மேட்டுல ஆறு தெரிஞ்சுது. இப்ப மலையில குழி தெரியுது. யாராச்சும் கண்ணாஸ்பத்திரிக்குச் சீட்டு ஒன்னு எழுதிக் கொடுங்கப்பா!"

அதே சிரிப்பு. அந்தச் சனிக்கிழமைப் பிற்பகலின் சிரிப்பு, பல மடங்காக. அது அடங்கும்வரை காத்திருந்தேன்.

"பதாகையைத் தலைகீழாகத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். கண்ணுள்ள எல்லாரும் பார்க்கட்டும்."

முதல்வர் மேடையில் குனிந்தபடி என்னிடம் ஓடிவந்தார். "சார், சீஃப் கெஸ்ட் படம் இருக்கு சார். சார் படம் இருக்கு. தலைகீழாத் தொங்கவிட்டா என்ன சார் ஆகும்? கையெடுத்துக் கும்புடுறேன், விட்டுருங்க சார்."

"என் படமும்தான் இருக்கிறது. நீங்களே பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள்."

துறைத்தலைவருக்குச் சூடேறிவிட்டது. "திருப்புங்கம்மா! நான் தலைகீழா நின்னாலும் குன்று குன்றுதான். பாத்துருவோம்!" என்று அவரே உத்தரவு போட்டார். சிறப்பு விருந்தினருக்கும் வேடிக்கை பார்க்கும் ஆசை வந்திருக்க வேண்டும், கையை அசைத்தார். பந்தல்காரர்கள் கயிறுகளை அவிழ்த்தார்கள். பழைய மாணவர்கள் சிலர் தாங்கிப் பிடிக்க, சட்டம் சாய்ந்து, சுற்றி, கொஞ்சம் கோணலாக மறுபடி எழுந்தது.

முதலில் ஊர் கண்டது முகங்களைத்தான். துறைத்தலைவர் கூப்பிய கையோடு வௌவால் போலக் கீழே தொங்கினார். உச்சியில், எல்லாருக்கும் மேலே, கோட்டுப் போட்ட நான் தலைகீழாக. "டேய், வாத்தியாருங்க ரெண்டு பேரும் சிரசாசனம்டா!" என்று எவனோ கத்தினான். சிரிப்பு வெடித்தது. நான் நேராக நின்றேன், தலையைத் தாழ்த்தவில்லை.

பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஆத்தீ, எல்லாம் குழிடீ!"

சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது. குன்றுகள் ஒவ்வொன்றாக உள்ளே விழுந்துகொண்டிருந்தன. செவ்வாயில் அந்தத் தரை எப்படி உள்வாங்கியதோ, அப்படியே கூட்டத்தின் கண்களிலும் நடந்தது. விளிம்பு தெரிந்தது, விளிம்பின் நிழல் உட்பக்கம் விழுவது தெரிந்தது. "ஆமாய்யா", "குழிதான்", "அப்ப இத்தன நாளு?" என்ற பேச்சு எழுந்தது. நான் பதாகையைப் பார்க்கவில்லை. அதை நான் இரண்டு ஆண்டுகளாகப் பார்த்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்காகத்தான் வந்திருந்தேன்.

அவர் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தார். மறுபக்கம் சாய்த்தார். கையில் ஒலிவாங்கி இருப்பதை மறந்து, "வடக்கு கீழ போயிருச்சே..." என்றார். அது எல்லா ஒலிபெருக்கிகளிலும் ஒலித்தது. இம்முறை அரங்கம் சிரித்தது அவரைப் பார்த்து.

நான் மூன்று வாக்கியங்கள் மட்டும் சொன்னேன். "மேடாக நிற்கும் ஆற்றை இந்தக் கல்லூரியில் முதலில் காட்டியவன் நான். அன்று சிரித்தவர் இவர். அதற்குச் சாட்சிகள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள்." வேதியியல் துறையின் பழைய நண்பர் ஒருவர் முன்வரிசையில் தலையை ஆட்டினார். உட்கார்ந்துவிட்டேன்.

பட்டமும் பொன்னாடையும் அவருக்குக் கொடுக்கத்தான் செய்தார்கள். கேடயத்தில் எழுத்து ஏற்கெனவே பொறித்தாகிவிட்டதே. பதாகையைத் திரும்ப நேராக்கச் சொல்லும் துணிவு எவருக்கும் வரவில்லை. தலைகீழாகத் தொங்கும் தன் முகத்தின் கீழ் நின்று அவர் 'செவ்வாய்ச் செம்மல்' ஆனார். எல்லாக் கைப்பேசிகளும் அதைப் பதிவு செய்தன.

அந்தப் படங்கள் அன்று மாலைக்குள் எங்கும் போயின. அவற்றின் உச்சியில் நானும் போனேன். பொன்னமராவதிச் சம்பந்தி பதறி அழைத்தார். "சம்பந்தி, என்னங்க இது, படத்துல தலைகீழா இருக்கீங்க? யாரும் ஏதும் பண்ணிட்டாங்களா?" நானே பண்ணியது என்று சொல்லி, மேட்டாறு என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதையும் முதன்முறையாகச் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. "அன்னைக்கு நான் ஒங்க மானத்தக் காப்பாத்த ஒரு ஊரையே உண்டாக்குனேன். ஒரு போன்ல அழிச்சுட்டீங்க" என்றாள். அவளுக்கு நான் கடன்பட்டிருப்பது உண்மை. ஆனால் பொய்யால் காக்கப்பட்ட மானத்தைவிட, கோட்டோடு தலைகீழாகத் தொங்கிப் பெற்ற மானமே எனக்கு மேலானதாக இருந்தது.

இப்போது செவ்வாயைப் பற்றிப் பேசப் பள்ளிகள் என்னை அழைக்கின்றன. என் பேச்சில் வேடிக்கை இருப்பதில்லை; பிள்ளைகள் கொட்டாவி விடுவதையும் பார்க்கிறேன். ஆனால் அழைப்பிதழில் என் பெயரும் பட்டங்களும் முழுமையாக அச்சாகின்றன.

அவரை அதன்பின் ஒருமுறைதான் தனியாகச் சந்தித்தேன். காலையில் நான் நடக்கும் குளக்கரையில், சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் அவர் மகன் அனுப்பியிருந்த டேப்லெட். உடம்பு கொஞ்சம் இளைத்திருந்தது.

"சார், ஒன்னு கேக்கணும். ஒங்களுக்கு அது எப்பத் தெரியும்?"

"நீங்கள் முதல்முறை காட்டிய அன்றே."

"அப்புறமும் வந்து வந்து கைதட்டுனீங்களே."

"தட்டினேன்."

"அத்தனை பிள்ளைகளுக்கும் தப்பாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேனே சார். ஒத்த வார்த்தை காதுல போட்டிருக்கலாம்ல?"

"ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

அவர் தலையாட்டினார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன், போடவில்லை. டேப்லெட்டை என் பக்கம் நீட்டினார். அதே படம், வடக்கு மேலே.

"சத்தியமாச் சொல்றேன், எனக்கு இன்னமும் குன்றாத்தான் சார் தெரியுது. அன்னைக்குக் குழியாத் தெரிஞ்சுச்சு. வீட்டுக்குப் போனா மறுபடியும் குன்று. திருப்பிப் பாக்கலாம்னா, இங்க பாருங்க, நான் திருப்புனா அதுவும் கூடவே திரும்பி நேரா நின்னுக்கிருது. கொஞ்சம் காட்டிக் கொடுங்க சார்."

அவர் கருவியைத் தலைகீழாகப் பிடித்தார். படம் ஒரு கணம் தயங்கி, தானாகச் சுழன்று, வடக்கை மேலே கொண்டுவந்து நிறுத்தியது. மறுபடி திருப்பினார்; மறுபடி சுழன்றது. திரை சுழலாமல் நிறுத்த ஓரத்தில் ஒரு சிறு பொத்தான் உண்டு. விரலால் ஒருமுறை தொட்டால் போதும். எனக்கு அது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. இத்தனை ஆண்டுகளில் அவர் வேடிக்கை கலக்காமல் என்னிடம் கேட்ட முதல் உதவி அதுதான் என்பதும் தெரிந்தது.

"எனக்கு நடக்க நேரமாகிறது" என்று சொன்னேன்.

குளத்தின் எதிர்க்கரையை அடைந்தபோது திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் அதைத் திருப்பிக்கொண்டிருந்தார். வழக்கமாக நான் கரையை இரண்டு சுற்று வருவேன். அன்று எதிர்க்கரையிலிருந்தே சாலையில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன்.